யாரோ ஒருவருக்கு ஏன் உதவுகிறோம்?

ஐதராபாத்தில் உஸ்மானியா மருத்துவமனை இருக்கிறது. அதன் வளாகத்தில் ஒரு பழைய புளியமரம் உண்டு. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த மரத்தில் ஏறிய சுமார் 150 பேர் பிழைத்தார்கள்.

வெள்ளம் வடிந்தது. பிழைத்தவர்களுக்கு வீடில்லை, சோறில்லை. பலர் உதவ வந்தார்கள். கவிஞர் சரோஜினி நாயுடுவும் அந்த வேலையில் இறங்கினார்.

இதை எங்கள் வகுப்பில் சொன்னேன். ஒரு பெரியம்மா கேட்டார்: "சொந்தக்காரங்களுக்குச் செய்யலாம். யாரோ எவரோ, அவங்களுக்கு ஏன் தம்பி செய்யணும்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு படித்துப் பார்த்தேன்.

தாய்க்கோழி பருந்தை எதிர்க்கிறது. குஞ்சு பிழைத்தால், குஞ்சைக் காக்கும் அந்தக் குணமும் பிழைக்கும். தலைமுறை தலைமுறையாகத் தொடரும். சொந்தத்துக்கு உதவுவது இப்படி வந்தது.

இன்னொன்று கைமாற்று. தென் அமெரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவால் உண்டு. இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் அது செத்துவிடும். அதனால் வயிறு நிறைந்த வௌவால், பட்டினி கிடப்பதற்குக் கொஞ்சம் கக்கிக் கொடுக்கும். முன்பு தனக்குக் கொடுத்த வௌவாலுக்குத்தான் அது அதிகம் கொடுக்கும். பக்கத்து வீட்டில் நாம் சர்க்கரை வாங்கித் திருப்பித் தருவதில்லையா?

ஆனால் பெரியம்மா கேட்டது யாரோ எவரோவைப் பற்றி!

ஹால்டேன் என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் பிறந்தவர். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகன் ஆனார். வெள்ளத்தில் போகும் குழந்தைக்காக ஒருவர் ஆற்றில் குதிப்பதைப் பற்றி 1955-இல் அவர் எழுதினார். சொந்தப் பிள்ளை என்றால் எவ்வளவு லாபம், தூரத்து உறவு என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டார். கூடவே ஓர் உண்மையையும் ஒப்புக்கொண்டார். இரண்டு முறை அவரே தண்ணீரிலிருந்து ஆட்களை இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அப்போது கணக்குப் போட நேரமே இல்லையாம்!

மனிதர்கள் நெடுங்காலம் சிறு கூட்டமாக வாழ்ந்தார்கள். அருகில் இருப்பவர் உறவுக்காரர், அல்லது தெரிந்தவர். அப்போது பழகிய மனம் இன்றும் அலறல் கேட்டதும் ஓடுகிறது. சில விஞ்ஞானிகள் இப்படிச் சொல்கிறார்கள். எனக்கும் இது சரி என்றே படுகிறது.

சில சமயம் கூட்டம் சும்மா நிற்கிறதே, அது ஏன்? அமெரிக்காவில் 1968-இல் சோதித்துப் பார்த்தார்கள். தனியாக இருப்பவர் சீக்கிரம் உதவினார். மற்றவர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்தவர் தயங்கினார். யாராவது செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள். ஆகவே ஆபத்து வந்தால் கூட்டத்தைப் பார்த்துக் கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டை அண்ணா, நீங்க வாங்க" என்று கூப்பிடுங்கள்.