பெருஜாவின் பட்டறைகளும் புரவலர்களும்

டிஜிட்டல் ஊடக மாநாடு என்பது, இணையத்தின் வழியே செய்தியைத் தேடிச் சரிபார்த்து மக்களிடம் சேர்ப்போர் கூடித் தம் தொழிலைப் பற்றி உரையாடும் இடமாக மட்டுமன்றி, அத்தொழிலுக்குரிய கருவிகளைக் கையிலெடுத்துப் பழகும் இடமாகவும் வளர்ந்திருக்கிறது. மேடையில் நிகழும் உரையைப் பின்னர் காணொளியாக எவரும் பார்த்துக்கொள்ளலாம்; ஆனால், பட்டறை எனப்படும் செய்முறைப் பயிற்சியில் கணினியின் முன் அமர்ந்து, தவறு செய்து, பின்னால் வந்து நிற்கும் பயிற்றுநர் அதைச் சுட்டிக்காட்டத் திருத்திக்கொண்டு ஒருவர் பெறும் திறன், பார்ப்பதால் மட்டும் வந்துவிடுவதில்லை. இருபது முப்பது பேருக்குமேல் இடங்கொடுக்க இயலாத அத்தகைய வகுப்பை நடத்துவதற்கு ஆகும் செலவை யார் ஏற்கிறார், ஏற்பவர் அங்கே எதைக் கற்பிக்க விரும்புகிறார் என்னும் இரு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

நடு இத்தாலியில், உம்ப்ரியா மாநிலத்தின் தலைநகராகிய பெருஜா என்னும் பழமையான மலைநகரில் நடைபெறும் பன்னாட்டு இதழியல் விழா இதற்குத் தக்க சான்றாகும். அரியான்னா சிக்கோனே, கிறிஸ் பாட்டர் ஆகிய இருவர் நிறுவிய இவ்விழா 2007ஆம் ஆண்டு முதன்முறையாக நடந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை என்பதே இதன் தனிச்சிறப்பு. பெரும் நாளிதழின் ஆசிரியரும், இன்னும் வேலை கிடைக்காத மாணவரும், அந்நகரத்து வாசிகளும் ஒரே அரங்கில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமரலாம். டிக்கெட் விற்காத விழாவுக்குப் புரவலர்களை விட்டால் வேறு வருவாய் பெரிதாக இல்லை.

2012ஆம் ஆண்டு இவ்விழாவில் ஐரோப்பிய இதழியல் மையமும் ஓப்பன் நாலெட்ஜ் அறக்கட்டளையும் இணைந்து தரவு இதழியல் பள்ளி ஒன்றை நடத்தின. அரசு ஆவணங்கள், கணக்கேடுகள், பட்டியல்கள் முதலியவற்றைக் கணினியால் ஆராய்ந்து, அவற்றுள் புதைந்திருக்கும் செய்தியை வெளிக்கொணரும் முறையே தரவு இதழியல் எனப்படுகிறது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில் உழைப்பின் பெரும்பகுதி தரவைச் சுத்தம் செய்வதிலேயே கழிந்துவிடுகிறது என்பதைப் பட்டறையில் அமர்ந்தவர் முதல் மணி நேரத்திலேயே உணர்ந்துவிடுவார். அமெரிக்காவின் புரோபப்ளிகா செய்தி நிறுவனம், மருந்துக் கம்பெனிகள் மருத்துவர்களுக்குக் கொடுத்த பணத்தை 2010ஆம் ஆண்டு தொகுத்து வெளியிட்டபோது, கம்பெனிக்குக் கம்பெனி பட்டியலின் வடிவம் வேறுபட்டிருந்தது. ஒரு பட்டியலில் முழுப்பெயரோடும் இன்னொன்றில் தலைப்பெழுத்தோடும் மற்றொன்றில் எழுத்துப்பிழையோடும் காணப்படும் மருத்துவர் ஒருவரே என்று உறுதிசெய்யாமல் அவர் பெற்ற மொத்தத் தொகையைச் சொல்ல முடியாது. இரு பெயர்களைத் தவறாக ஒன்றாக்கிவிட்டாலோ, குற்றமற்ற ஒருவர்மீது பழி விழும். அந்த எச்சரிக்கை உணர்வைப் பாடநூல் விளக்கலாம்; பழக்கமாக்குவது பட்டறைதான்.

பட்டறையின் ஆற்றலுக்கு 2012ஆம் ஆண்டு பெருஜாவிலேயே இன்னொரு சான்றும் கிடைத்தது. அங்கு வெளியிடப்பட்ட தரவு இதழியல் கையேடு, 2011 நவம்பரில் லண்டனில் நடந்த மொஸில்லா விழாவின் 48 மணி நேரப் பட்டறையில் கருக்கொண்ட நூலாகும். பல நாடுகளின் இதழாளர்கள் பகுதி பகுதியாக எழுதிச் சேர்த்த அந்நூல் இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்கும் உரிமத்துடன் வந்தது.

இத்தனைக்கும் அடுத்த ஆண்டே விழா நின்றுபோகும் நிலை வந்தது. பொது நிதி போதிய அளவில் உறுதியாகாததால், 2014ஆம் ஆண்டு விழா நடைபெறாது என்று 2013 அக்டோபரில் அமைப்பாளர்கள் அறிவித்தனர். அதன்பின் அவர்கள் வாசகர்களிடமும் இதழாளர்களிடமும் நேரடியாகக் கையேந்தி, ஊர்கூடித் தேர் இழுப்பதுபோல் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் திரட்டினர். 2014 ஏப்ரல் இறுதியில் விழா தொடங்கியது. நிதி கொடுக்கும் கை ஒன்றாக இராமல் பலவாக இருந்ததே அவ்வாண்டு விழாவைக் காப்பாற்றியது.

எனினும், பெரிய மாநாடுகள் ஆண்டுதோறும் நன்கொடையை மட்டும் நம்பி இயங்க இயலாது. புரவலர்களுள் சிலர் பணமாகத் தருகின்றனர்; சிலர் அரங்கு, தங்குமிடம், இணைய இணைப்பு என்று பொருளாகத் தருகின்றனர்; மூன்றாவது வகையினர் பயிற்றுநரையே அனுப்பித் தம் கருவியைக் கற்பிக்கின்றனர். பதாகையில் இடம்பெறும் நிறுவனச் சின்னத்தைப் பார்ப்பவர் அதை விளம்பரம் என்று அறிந்தே பார்க்கிறார். பயிற்சியாக வரும் விளம்பரத்தையோ கல்வியாகவே ஏற்றுக்கொள்கிறார். கூகுள் 2015ஆம் ஆண்டு ஐரோப்பியச் செய்தி நிறுவனங்களுக்கு 15 கோடி யூரோ நிதியை அறிவித்ததும், ஃபேஸ்புக் 2017ஆம் ஆண்டு தன் இதழியல் திட்டத்தைத் தொடங்கியதும் இப்பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கவை.

ஒரு நிறுவனத்தின் கருவியையே நம்பிப் பழகுவதன் விளைவைக் காலம் காட்டியது. தரவை வரைபடமாக்கும் கூகுள் ஃபியூஷன் டேபிள்ஸ் 2009ஆம் ஆண்டு வெளிவந்து, இதழாளர்களிடையே விரைவாகப் பரவியது. 2010ஆம் ஆண்டு ஈராக் போர் ஆவணங்களில் பதிவான உயிரிழப்புகளை கார்டியன் நாளிதழ் அதைக் கொண்டே வரைபடமாக்கியது. 2019 டிசம்பர் 3 அன்று கூகுள் அச்சேவையை நிறுத்தியபோது, அதில் மட்டும் பழகியிருந்தோர் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. சமூக ஊடகங்களில் ஒரு பதிவு எவ்வாறு பரவுகிறது என்று கண்டறிய உதவிய கிரவுட்டாங்கிள் கருவியை 2016ஆம் ஆண்டு வாங்கிய ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம், அமெரிக்கத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த 2024 ஆகஸ்டில் அதை மூடியது. பொய்ச்செய்தியைத் துரத்துவோர்க்கு அது பேரிழப்பாகும்.

பெயர்ப்பட்டியல்களைச் சீர்செய்யும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளின் கதை வேறு. மெட்டாவெப் நிறுவனம் உருவாக்கிய அது, 2010ஆம் ஆண்டு கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியபின் கூகுள் ரிஃபைன் என்று பெயர் பெற்றது. புரோபப்ளிகா இதழாளர்கள் பிறருக்கு எழுதிய தரவுச் சீரமைப்பு வழிகாட்டியில் விளக்கப்பட்டதும் இக்கருவியே. 2012ஆம் ஆண்டு கூகுள் விலகிக்கொண்டபோதிலும், அதன் மூல நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால், பயனர்களும் நிரலாளர்களும் அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு புதுப் பெயரில் வளர்த்தனர். அவ்வாண்டு அதைக் கற்ற ஓர் இதழாளரால், அன்று பழகிய முறையிலேயே இன்றும் தம் கணினியில் ஒரு பட்டியலைத் திறந்து, சிதறிக் கிடக்கும் பெயர்களை ஒன்றுசேர்க்க முடிகிறது.