‘பேக்கப்’ இருக்கிறது, கணக்கு திரும்பி வருமா?

பீன்யாவில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை. ஒரு நாள் காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் கருப்புத் திரையோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. அதோடு என்னென்ன போகும்?

பில் போகும். பாக்கிதாரர் கணக்கு போகும். ஜி.எஸ்.டி. விவரம் போகும். இவை முதலாளியின் கவலை. ஆனால் அதே டிஸ்க்கில்தான் தொழிலாளியின் வருகைப் பதிவு இருக்கிறது. ஓவர்டைம் கணக்கும், அட்வான்ஸ் வாங்கியதும் கட்டியதும், பி.எப். பிடித்த விவரமும் அங்கேயே இருக்கின்றன. “போன மாதம் எனக்கு 22 மணி நேரம் ஓவர்டைம்” என்று ஒரு தொழிலாளி சொன்னால், ஆமாம் என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. இவ்வளவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் யார்? டிஸ்க்கை விற்ற கடைக்காரர் அல்ல. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாதான்.

“பேக்கப் எடுத்தாச்சா?” என்று சாயந்திரம் முதலாளி கேட்கிறார். “எடுத்தாச்சு சார்” என்று குமாஸ்தா சொல்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசுகிறார்கள். எடுத்த நகலில் இருந்து கணக்கு திரும்பி வருமா என்பதை மட்டும் இரண்டு பேருமே பார்த்ததில்லை.

சட்டமும் கேட்கிறது

பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல. கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கம்பெனி, இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் அதன் நகலை வைக்க வேண்டும் என்பது விதி. முன்பு ‘அவ்வப்போது’ எடுத்தால் போதும் என்று இருந்தது. 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தி ‘தினசரி’ என்று ஆக்கிவிட்டார்கள். கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் காப்பாற்றி வைக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டம். ஜி.எஸ்.டி. சட்டத்தில், ஆண்டு ரிட்டர்ன் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதம். சொந்தப் பெயரில் நடத்தும் சின்னக் கடைக்கும் இந்த 72 மாதம் உண்டு. ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க் அத்தனை காலம் உழைக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

டேலியின் ஊர்

நம் குமாஸ்தாக்கள் பலருக்குச் சோறு போடும் ‘டேலி’ கணக்குப் புரோகிராம் பெங்களூர்ச் சரக்குத்தான். ஆலைகளுக்குச் சாமான் சப்ளை செய்து வந்த சியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தம் கணக்கை எழுதத் தோதான புரோகிராம் கிடைக்கவில்லை. “நீயே ஒன்று எழுது” என்று மகன் பரத் கோயங்காவிடம் சொன்னார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி அது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

டேலியில் பேக்கப் எடுப்பது இரண்டு நிமிட வேலை. டேலி பிரைமில் ஆல்ட் கீயையும் ‘ஒய்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் டேட்டா மெனு வரும். அதில் பேக்கப் உண்டு, ரீஸ்டோர் உண்டு. தவறு நடப்பது நகல் எங்கே போய் விழுகிறது என்பதைப் பார்க்காததால்தான். அதே கம்ப்யூட்டரில் ‘டி’ டிரைவில் வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. ‘சி’ என்றும் ‘டி’ என்றும் திரையில் இரண்டாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே டிஸ்க்தான். ஒரே பெட்டியில் சாவியையும் மாற்றுச் சாவியையும் போட்டுப் பூட்டுவது போன்ற காரியம் இது.

ரீஸ்டோர் செய்து பார்க்கும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. நடப்புக் கணக்கு இருக்கும் அதே போல்டருக்குள் பழைய நகலை இறக்கினால், இன்றைய கணக்கின் மேல் போன மாதக் கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும். எனவே சோதனைக்கென்று தனியாக ஒரு போல்டர் வைத்து அதில்தான் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு கம்பெனியைத் திறந்து, கடைசி வவுச்சர் நம்பரையும் ரொக்க இருப்பையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ‘ரீஸ்டோர் ஆனது’ என்ற செய்தியை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. புதிய பதிப்பில் எடுத்த நகல் பழைய பதிப்பில் திறக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஆடிட்டர் ஆபீஸில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்து இருந்தும் பலனில்லை

பதிப்பு வித்தியாசம் என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். கம்ப்யூட்டரே தொழிலாக உள்ள பெரிய கம்பெனியையும் அது கவிழ்த்திருக்கிறது.

2017 ஜனவரி 31-ந் தேதி கிட்லேப் என்ற கம்பெனியில் ஒரு என்ஜினீயர் இரவு வேலையில் இருந்தார். இரண்டாவது சர்வரில் அழிக்க வேண்டியதை, ஆள் மாறிப் போய், முதல் சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி. இருந்த இடத்தில் 4.5 ஜி.பி.தான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூடக் கை கொடுக்கவில்லை. தினசரி நகல் எடுக்கும் புரோகிராம் 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6 பதிப்பு. அதனால் நகல் எடுக்கும் வேலை நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. ‘தோற்றுவிட்டேன்’ என்று அது அனுப்பிய இ-மெயில்களும் உரிய முத்திரை இல்லாததால் திருப்பப்பட்டன. நகல் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

காப்பாற்றியது தற்செயல்தான். சோதனை வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் கையால் எடுத்து வைத்த ஒரு நகல் இருந்தது. அதை வைத்துக் கம்பெனியை எழுப்பினார்கள். நடுவில் உள்ள ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். இந்தக் கதையை மறைக்காமல் அவர்களே முழுசாக எழுதி வெளியிட்டார்கள். அந்த மட்டில் பாராட்டத்தான் வேண்டும்.

‘கோஸ்ட்’ போடுவது

கணக்கு மட்டும் திரும்பினால் போதுமா? விண்டோஸ், டேலி, பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து எல்லாவற்றையும் முதலில் இருந்து ஏற்றுவதற்குள் ஒரு முழு நாள் ஓடிவிடும். அதற்காகத்தான் டிஸ்க் முழுவதையும் அப்படியே அச்சு எடுத்து வைக்கும் முறை வந்தது. ஒரே பைலாக மடித்து வைத்தால் அது இமேஜ். வேறு டிஸ்க்கில் நேராகப் பதித்தால் அது குளோன்.

பழைய மெக்கானிக்குகள் இதை இன்னமும் ‘கோஸ்ட் போடுவது’ என்பார்கள். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. நியூசிலாந்தில் முர்ரே ஹாஸார்டு என்பவர் 1990-களின் நடுவில் எழுதிய புரோகிராமின் பெயர் கோஸ்ட். 1998-ல் சைமன்டெக் கம்பெனி அதை வாங்கியது. வீட்டு உபயோகத்துக்கான நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013-ல் நின்று போனது. பெயர் மட்டும் ஆவியாக உலவுகிறது. இப்போது காசில்லாமல் கிடைப்பது தைவான் நாட்டு அரசு ஆராய்ச்சி மையத்தில் உருவான குளோன்ஜில்லா. பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அதில் இருந்து கிளப்பி வேலை செய்ய வேண்டும்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. புது மெஷின் வாங்கி ஒருவர் மாறுகிறார்; பழைய மெஷினுக்கே எஸ்.எஸ்.டி. மாட்டிக்கொண்டு இன்னொருவர் காலம் தள்ளப் பார்க்கிறார். எது செய்தாலும் டிஸ்க்கைத் தொட வேண்டியிருக்கிறது. டவுன் ஹாலில் இருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள எஸ்.பி. ரோடில் டிஸ்க் வாங்குவது எளிது. மாட்டும்போதுதான் சிக்கல்.

முதல் சிக்கல் அளவு. பழையது 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். வாங்கி வந்ததோ 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ளே 90 ஜி.பி.தான் நிரம்பியிருக்கிறது, போதாதா என்று தோன்றும். குளோன்ஜில்லா சம்மதிக்காது. சேரும் இடம் சிறியது என்று நின்றுவிடும். பழைய டிஸ்க்கின் பகுதிகளை முதலில் சுருக்கிவிட்டு, மேம்பட்ட முறையில் போய் அளவுச் சோதனையைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்றால் 512 ஜி.பி. வாங்குவது மேல்.

இரண்டாவது, விண்டோஸ் செய்யும் ஒரு தந்திரம். நாம் ஷட் டவுன் கொடுத்தாலும் மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக அது அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் உள்ள டிஸ்க்கை நகல் புரோகிராம் தொட மறுக்கும். ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் உண்மையாகவே தூங்கிவிடும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதே கம்ப்யூட்டருக்குள் சேமித்து வைத்த சாவியால் பயன் கிடையாது.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்குவது. எது மூலம், எது நகல் என்று புரோகிராம் கேட்கும். திரையில் ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்று இரண்டு பெயர் தெரியும். மாற்றிச் சொன்னால் காலி டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் பதித்துவிடும். ஆறு வருடக் கணக்கு சில நிமிடத்தில் வெள்ளைக் காகிதம்! டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் எழுதி வைத்துக்கொண்டு, திரையில் தெரிவதோடு ஒத்துப் பார்த்த பிறகே ‘ஒய்’ அழுத்த வேண்டும்.

நகல் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் மாட்டியபடியே விண்டோஸைக் கிளப்பக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் குழப்பம் வரும். புதியதை மட்டும் மாட்டிக் கிளப்ப வேண்டும். கிளம்பவில்லையா? ‘சி’ டிரைவை மட்டும் நகல் எடுத்திருக்கலாம். அதற்கு முன்னால் சுமார் 100 எம்.பி. அளவில் ஒளிந்திருக்கும் கிளப்பும் பகுதியை விட்டிருப்பார்கள்.

ஏற்கெனவே தேய்ந்து போன டிஸ்க் என்றால் இந்த வழி எதுவும் ஆகாது. பைல் திறக்க நேரமாகிறது, அடிக்கடி உறைந்து நிற்கிறது என்றால் செக்டிஸ்க் போட்டு அதைப் படாத பாடு படுத்தக் கூடாது. டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவசப் புரோகிராம் இருக்கிறது. சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். ‘டிக் டிக்’ என்று சத்தமே கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கும் நிபுணரிடம்தான் போக வேண்டும்.

தீயும் வைரஸும்

நகல் சரியாகவே இருக்கிறது. ஆனால் அதே கட்டடத்தில் இருக்கிறது. 2021 மார்ச் 8-ந் தேதி கொல்கத்தாவில் ரெயில்வேயின் நியூ கொய்லாகாட் கட்டடத்தில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் உட்பட 9 பேர் உயிர் போயிற்று. கட்டடத்துக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டதால், அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் நின்று கிழக்குப் பகுதியின் டிக்கெட் முன்பதிவு தடைப்பட்டது. தென்கொரியாவின் டேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26-ந் தேதி அரசாங்கக் கம்ப்யூட்டர் மையத்தில் பாட்டரி தீப்பற்றியது. சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் அரசு ஊழியர்கள் பைல்களைப் போட்டு வைத்திருந்த சேமிப்பகம் சாம்பலானது. மொத்தம் 858 டெராபைட். அளவு பெரியது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள்! அங்கேயும் எரிந்து போனது நம்மைப் போன்ற குமாஸ்தாக்களின் வருடக்கணக்கான உழைப்புதான்.

2017 மே மாதம் உலகத்தைக் கலக்கிய வான்னாக்ரை வைரஸ் பைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. இந்த ஜாதி வைரஸ் மாட்டியிருக்கும் வெளி டிஸ்க்கையும் விடுவதில்லை. ஆகவே நகல் எடுத்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று விவரம் தெரிந்தவர்கள் கணக்குச் சொல்வார்கள். சின்ன ஆபீஸுக்கு இரண்டு வெளி டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி, ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்கும்படி செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. குமாஸ்தா அதைத் தன் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம். நாளைக்கு ஏதாவது வெளியே கசிந்தால் பழி அவர் தலையில் விழும்.

கடைசியாக, கழற்றிய பழைய டிஸ்க். தேதி எழுதி ஒட்டி, ஒரு மாதமாவது பீரோவில் வைத்திருக்க வேண்டும். புதியதில் விடுபட்ட பைல் எது என்பது மாதக் கடைசியில் சம்பளம் போடும்போதுதான் தெரியும். பிறகு எஸ்.பி. ரோடில் போட்டுவிடலாம். ஆனால் அழிக்காமல் போடக் கூடாது. டெலிட் செய்தாலோ, அவசர பார்மட் போட்டாலோ உள்ளே இருப்பது அழியாது. கை தேர்ந்தவர் எடுத்துவிடுவார். ஹார்டு டிஸ்க் என்றால் விண்டோஸில் ‘குவிக் பார்மட்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மட் போட வேண்டும். 500 ஜி.பி. டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் ஆகும். எஸ்.எஸ்.டி. என்றால் அதைத் தயாரித்த கம்பெனியின் அழிப்புப் புரோகிராமைப் பயன்படுத்த வேண்டும். முப்பது தொழிலாளிகளின் ஆதார் நகலும் பாங்கி கணக்கு எண்ணும் அதற்குள்தான் இருக்கின்றன.