தோலுக்குள் புகும் வெளிச்சம்

மத்தூர் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. வருஷ நினைவு நாள் ஃபிளெக்ஸுக்காக ஓர் ஆயா, கணவரின் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்திருந்தார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, மங்கிய படம். கடைப் பையன் அதைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றினான். அரை நிமிடத்தில் பளிச்சென்று ஒரு முகம். ஆயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “நல்லாத்தான் கீது தம்பி. ஆனா இது எங்க வூட்டுக்காரரு இல்ல.”

ஆயா சொன்னது சரிதான். மனித முகம் அவ்வளவு லேசில் பிடிபடாது.

டார்ச்சை விரலுக்கு அடியில் வைத்து எரியவிட்டுப் பாருங்கள், சதை செக்கச்செவேல் என்று ஒளிரும். வெளிச்சம் தோலில் பட்டுத் திரும்புவதோடு சரி என்றில்லை. உள்ளே புகுந்து, சிதறி, சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. இந்தக் கணக்கு இல்லாமல் கணினியில் வரைந்த முகம் மெழுகுப் பொம்மைதான். இதைச் சுருக்கமாகக் கணக்கிடும் வழியை 2001-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹென்ரிக் ஜென்சனும் கூட்டாளிகளும் தந்தார்கள். ஆனாலும் நொடிக்கு 24 படம், ஒவ்வொன்றிலும் தோல், கண்ணீர்ப்படலம், மயிர்க்கால் என்றால் காலமும் பணமும் கரையும். 2014 மே மாதம் வந்த ‘கோச்சடையான்’ ரஜினியின் அசைவுகளைப் பதிவு செய்து உருவம் கொடுத்தது. 2009-ல் மறைந்த நாகேஷையும் கூட்டிவந்தது. துணிச்சலான முயற்சி. ஆனால் பலருக்கு அந்த முகங்கள் ஒட்டவில்லை. ஏறக்குறைய மனிதரைப் போல் இருப்பதுதான் அதிகம் உறுத்தும் என்று ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதியிருந்தார்.

இன்றைய செயலி வெளிச்சக் கணக்கு எதுவும் போடுவதில்லை. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகி, மங்கிய இடத்தில் வழக்கமாக என்ன இருக்குமோ அதை நிரப்புகிறது. 2024-ல் ‘கோட்’ படத்துக்காக விஜயகாந்த் முகத்தை உருவாக்கியபோது, பார்த்துப் பழக அவர் நடித்த 150-க்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. இந்தத் தாத்தாவுக்கு இருந்ததோ ஒரே ஒரு அட்டை. மீதியை யார் யாருடைய முகங்களோ நிரப்பிவிட்டன. எனக்கு அதுதான் வலித்தது.

“என்ன ஆயா வித்தியாசம்?” என்றான் பையன்.

ஆயா தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். “இங்க ஒரு தழும்பு. மாமரத்துல இருந்து வுழுந்தது.”

அவன் படத்தைப் பெரிதாக்கி, மவுஸால் மெல்லக் கோடு இழுத்தான். “இன்னுங்கொஞ்சம் சாய்வா,” என்றார் ஆயா.