குப்பை மேட்டில் ஒரு சாவி!

வேல்ஸ் நாட்டில் நியூபோர்ட் என்று ஒரு நகரம். அந்த ஊர்க் குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு ஒருவர் பல வருஷம் அலைந்தார். கோர்ட்டுக்கும் போனார். 2025 ஜனவரியில் நீதிபதி அவர் வழக்கைத் தள்ளிவிட்டார்.

குப்பையில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு பழைய கம்ப்யூட்டரின் 'ஹார்ட் டிஸ்க்'. உள்ளங்கையில் அடங்கிவிடும். 2013-ல் வீட்டைச் சுத்தம் செய்தபோது தவறுதலாகக் குப்பையோடு போய்விட்டது. அதோடு சுமார் 8,000 'பிட்காயின்' போயிற்று என்கிறார் அவர்.

அவர் அவற்றைச் சேர்த்தது மலிவுக் காலம். 2010 மே மாதம் அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார் என்றால் பாருங்களேன்! 2024 டிசம்பரில் ஒரே ஒரு பிட்காயின் லட்சம் டாலரைத் தாண்டியது. 8,000-ஆல் பெருக்கிப் பாருங்கள். 80 கோடி டாலர்!

வேடிக்கை என்னவென்றால், அந்த டிஸ்க்கில் நாணயமே கிடையாது.

நாணயம் எங்கே?

பிட்காயின் கையில் தொடும் காசு அல்ல. கணக்குப் புத்தகத்தில் எழுதிய வரவு செலவு, அவ்வளவுதான். நம் பணத்துக்குப் பாங்கி கணக்கு வைத்திருக்கிறது. இதற்குப் பாங்கி இல்லை. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதே புத்தகத்தின் நகல் இருக்கிறது. யாரும் படிக்கலாம். ஒருவருக்குக் கொடுத்த காசையே இன்னொருவருக்கும் கொடுக்கப் பார்த்தால், அந்த நகல்கள் காட்டிக் கொடுத்துவிடும்.

சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008-ல் இந்த யோசனை வெளிவந்தது. 2009 ஜனவரியில் முதல் பக்கம் எழுதப்பட்டது. சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் சேருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முந்திய பக்கத்தின் முத்திரை உண்டு. பக்கத்தில் உள்ளதையெல்லாம் கணக்குப் போட்டு எடுத்த நீண்ட எண்தான் முத்திரை. பழைய பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை அடியோடு மாறும். பின்னால் வந்த பக்கங்கள் பொருந்தா. திருத்தியவன் குட்டு உடைந்துவிடும்.

மாவு அரிசி ஆகுமா?

சரி, என் கணக்கில் உள்ளதை வேறொருவன் செலவு செய்தால்? அங்கேதான் சங்கேதக் கலை வருகிறது.

கணக்குத் தொடங்கும்போது கம்ப்யூட்டர் ஒரு ரகசிய எண்ணைப் பொறுக்கி எடுக்கிறது. எழுதினால் 77, 78 இலக்கம் வரும். அந்த எண்ணிலிருந்து இன்னொரு எண்ணைக் கணக்கிடுகிறது. அது பகிரங்க எண். ஊருக்கெல்லாம் காட்டலாம். அரிசியை மாவாக்குவது சுலபம். மாவை அரிசியாக்க யாரால் முடியும்? அது போல, பகிரங்க எண்ணைப் பார்த்து ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க இன்றைய எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது.

பணம் கொடுப்பவர் ரகசிய எண்ணால் ஒரு கையெழுத்துப் போடுகிறார். மற்றவர்கள் பகிரங்க எண்ணை வைத்து அது சரிதானா என்று பார்த்துக்கொள்கிறார்கள். ரகசியம் அவரிடமே இருக்கும். இந்த வழிக்கு 1976-ல் அடித்தளம் போட்டவர்கள் டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள்.

நியூபோர்ட்டில் புதைந்தது அந்த ரகசிய எண்தான். நாணயங்கள் கணக்கில் அப்படியே இருக்கின்றன. கண்ணால் பார்க்கலாம், தொட முடியாது. நம் வீட்டில் பெட்டிச் சாவி தொலைந்தால் பூட்டுக்காரரைக் கூப்பிடுவோம். இங்கே அவர் கிடையாது. முகத்தைப் பார்த்து, "ஓ, நீங்களா!" என்று சொல்ல பாங்கி ஏஜெண்டும் கிடையாது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரகசிய எண் யார் கையில் சிக்கினாலும் பணம் அவருடையது. கணக்குப் புத்தகம் ஆளைக் கேட்காது. இப்போது அந்த எண்ணை 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக எழுதிக் கொடுக்கிறார்கள். "அந்தச் சொற்களைச் சொல்லுங்கள், சரிபார்க்கிறோம்" என்று போன் வந்தால், கூப்பிடுவது திருடன்தான்.

நியூபோர்ட் நகரசபை என்ன சொல்லிற்று? தோண்டினால் சுற்றுப்புறம் கெடும் என்றது. குப்பையில் போட்டது நகரசபைச் சொத்து என்றும் வாதாடிற்று. டிஸ்க் இன்னும் அகப்படவில்லை.