உற்றாரிடத்து இரக்கம்



அயலவர் பிள்ளை ஒருவன் பரீட்சையிலே தவறிவிட்டால், "அதனாலென்ன தம்பி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று தோளிலே தட்டி அனுப்பிவைப்பது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம். பாடசாலை அதிபராக இருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் இவ்வாறு தேறுதல் கூறியிருக்கிறேன். ஆனால், என் சொந்த மகன் உயர்தரப் பரீட்சையில் எதிர்பார்த்த சித்தியைப் பெறாத ஆண்டிலே, அவனோடு மூன்று மாதங்கள் நான் முகங்கொடுத்துப் பேசவில்லை. சொல்ல வேண்டியவற்றை அவன் தாய் வாயிலாகவே சொல்லியனுப்பினேன். அந்த மூன்று மாதங்களிலும் ஞாயிறு ஆராதனைக்குப் போக நான் தவறியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறரிடத்தில் எளிதாகச் சுரக்கும் இரக்கம் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் ஏன் வற்றிப்போகின்றது? இக்கேள்விக்குக் கிறிஸ்தவ சமயம் கூறும் விடை யாது என்பதையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

திருவள்ளுவர் அன்புடைமை என்னும் அதிகாரத்தை இல்லறவியலிலே வைத்தார். அருளுடைமை என்னும் அதிகாரத்தைத் துறவறவியலிலே வைத்தார். தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு என்றும், தொடர்பு நோக்காது எல்லா உயிரிடத்தும் செல்வது அருள் என்றும் உரைகாரர் பிரித்துக் காட்டுவர். இப்பாகுபாட்டை மாணாக்கருக்குக் கற்பிக்குந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. வீட்டிலே அன்பு இல்லாமற் போவதில்லை. என் மகன்மேல் எனக்கு அன்பு இருந்தபடியாலேதான் அவ்வளவு கோபமும் வந்தது. அன்பு உரிமை பேசும், எதிர்பார்க்கும், எதிர்பார்த்தது கிட்டாதபோது சினக்கும். அந்நியனிடத்தில் நமக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லையாகையால் அவனுக்கு இரங்குவது எளிதாகின்றது. துறவியின் குணமென்று வள்ளுவர் வைத்த அந்த அருளைத் தன் மனைவியிடத்திலும் மக்களிடத்திலும் உடன்பிறந்தாரிடத்திலும் ஒருவன் காட்டவேண்டும் என்பதே, நான் அறிந்த அளவில், கிறிஸ்தவ போதனையின் உட்கிடை.

லூக்கா எழுதிய சுவிசேஷத்திலே "மனதுருகி" என்னும் சொல் மூன்று முக்கியமான இடங்களில் வருகின்றது. நாயீன் என்னும் ஊரிலே ஒரு விதவையின் ஒரே மகனைப் பாடையிலே எடுத்துச் செல்கையில், அத்தாயைக் கண்டு இயேசு மனதுருகுகின்றார். எரிகோவுக்குப் போகும் வழியிலே குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு சமாரியன் மனதுருகுகின்றான். ஊதாரியாய்ப் போய்த் திரும்பிவரும் மகனைத் தூரத்திலே கண்ட தகப்பன் மனதுருகுகின்றான். கிரேக்க மூலத்திலும் மூன்றிடத்தும் ஒரே வினைச்சொல்லே நிற்கின்றது. அது குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புக்களைக் குறிக்கும் பெயரிலிருந்து பிறந்த சொல். எபிரேய மொழியிலே இரக்கத்தைக் குறிக்கும் ஒரு சொல், கருப்பையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. பெற்ற வயிறு துடிக்கின்றது என்று நம்மவர் சொல்வதும் இதுவே. வழியிலே கிடந்த அந்நியனுக்கு ஒரு சொல், சொந்த மகனுக்கு வேறொரு சொல் என்று லூக்கா வைக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

அம்மகனின் கதையைப் பலரும் இளையவன் வீடு திரும்புவதோடு முடித்துவிடுவர். பிரசங்கிமாரும் பெரும்பாலும் அவ்வாறே செய்கின்றனர். எனக்கோ மூத்தவனுடைய பகுதியே பெரிதாகத் தோன்றுகின்றது. அவன் வயலிலே பாடுபட்டுவிட்டு வருகின்றான். வீட்டிலே ஆடலும் பாடலும் கேட்கின்றது. ஒரு வேலைக்காரனை அழைத்து விசாரிக்கின்றான். செய்தியை அறிந்ததும் உள்ளே போக மறுக்கின்றான். தகப்பனோடு பேசும்போது தம்பியைத் தன் தம்பியென்று அவன் சொல்வதில்லை. உம்முடைய மகன் என்று சொல்கின்றான். தகப்பன் மறுமொழி கூறும்போது உன்னுடைய சகோதரன் என்று அச்சொல்லை மெல்லத் திருத்திவிடுகின்றான். எங்கள் குடும்பங்களிலும் சண்டை முற்றியபின் முதலிலே மறைவது முறைப்பெயரே அன்றோ? அண்ணன் என்ற சொல் போய், "அந்த வீட்டுக்காரர்" என்ற சொல் வந்து குடிகொள்ளும்.

மூத்தவன் சொன்ன கணக்கிலே பிழையில்லை. அவன் உழைத்தான், சொல் மீறவில்லை, நண்பரோடு மகிழ ஓர் ஆட்டுக்குட்டிகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. தகப்பன் அக்கணக்கை மறுக்கவுமில்லை. இளையவனை எதிர்கொள்ள ஓடியவன், மூத்தவனை வருந்தி அழைக்கவும் தானே வெளியே வருகின்றான். மூத்தவன் உள்ளே போனானா, இல்லையா என்பதை லூக்கா சொல்லவேயில்லை. கதை முற்றத்திலேயே நின்றுவிடுகின்றது.

பழைய ஏற்பாட்டிலே யோசேப்பின் சரித்திரம் இதைவிட நீண்டது. 17 வயதிலே சொந்தச் சகோதரர் அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டனர். எகிப்திலே அடிமையாகவும் சிறைக்கைதியாகவும் இருந்து, 30 வயதிலே பார்வோனுக்கு அடுத்த பதவிக்கு உயர்ந்தான். ஏழு ஆண்டுச் செழிப்பும் ஈராண்டுப் பஞ்சமும் கழிந்தபோது, தானியம் கொள்ள வந்திருந்த அச்சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தினான். இடையிலே 22 ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குமுன் தாயொத்த தம்பியாகிய பென்யமீனைக் கண்டபோது உள்ளம் பொங்கி, அறைக்குள்ளே சென்று அழுது, முகங்கழுவிக்கொண்டு வெளியே வந்தான் என்று ஆதியாகமம் கூறுகின்றது. முகங்கழுவினான் என்னும் அச்சிறு செய்தியை நான் எப்போதும் நினைப்பதுண்டு. இரக்கம் எழுந்தவுடனே அவன் எல்லாவற்றையும் அள்ளி வீசிவிடவில்லை. சகோதரர் மாறியிருக்கிறார்களா என்பதைச் சோதித்தான். பென்யமீனுக்குப் பதிலாக நானே அடிமையாய் இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பின்னரே, யோசேப்பு தன்னை அடக்கமாட்டாமல் ஓலமிட்டழுதான். தம்பியை விற்கலாமென்று யோசனை கூறியவனும் அதே யூதாவே.

பலர் கதையை இங்கேயும் நிறுத்திவிடுவர். அதற்குப் பின் தகப்பனாகிய யாக்கோபு எகிப்திலே 17 ஆண்டுகள் வாழ்ந்து மடிந்தான். அடக்கம் முடிந்ததும் சகோதரர்களுக்கு மீண்டும் பயம் பிடித்துக்கொண்டது. தகப்பனுக்காக அல்லவோ இதுவரை பொறுத்திருந்தான், இனிப் பழிவாங்குவான் என்று அஞ்சி ஆளனுப்பினர். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். 17 ஆண்டுகள் அவர்களை ஊட்டி வளர்த்தும், தான் மன்னித்ததை அவர்கள் நம்பவில்லை என்பதை அன்றுதான் அவன் அறிந்தான் போலும். மன்னித்தவன் ஒரு நாளிலே மன்னித்துவிடலாம். மன்னிக்கப்பட்டவன் அதை நம்புவதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பது எவருக்குந் தெரியாது. யோசேப்பு அவர்களைக் கடிந்துகொள்ளாமல், பயப்படவேண்டாம் என்று மறுபடியும் முதலிலிருந்தே சொன்னான்.

இவ்விடத்தில் நேயர்கள் சிலர் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் தமக்குச் சீடனாக மாட்டான் என்று இயேசு கூறியதாக அதே லூக்கா எழுதியிருக்கிறாரே என்பதே அந்த ஐயம். இது எபிரேய வழக்கு. யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாக நேசித்தான் என்று சொன்ன ஆதியாகமம், அடுத்த வசனத்திலேயே லேயாளை வெறுக்கப்பட்டவள் என்கின்றது. குறைவாக நேசித்தலையே வெறுத்தல் என்று சொல்வது அம்மொழியின் மரபு. மத்தேயு இதே போதனையை எழுதும்போது, தம்மைவிட அதிகமாகப் பெற்றோரை நேசித்தலைப் பற்றியே பேசுகின்றார்.

இயேசுவின் வீட்டிலும் மனத்தாங்கல் இல்லாமலில்லை. அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று எண்ணி, அவரைச் சேர்ந்தவர்கள் பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள் என்று மாற்கு எழுதுகின்றார். சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் எழுதுகின்றார். சகோதரர் என்னும் சொல்லுக்கு நெருங்கிய உறவினர் என்றே கத்தோலிக்கர் பொருள் கொள்வர். அவ்வழக்கை இங்கே நாம் தீர்க்க வேண்டியதில்லை. அவர்களை இயேசு தள்ளிவிடவில்லை. உயிர்த்தெழுந்தபின் யாக்கோபுக்குக் காட்சியளித்தார் என்று பவுல் கூறுகின்றார். இந்த யாக்கோபை அவருடைய சகோதரன் என்றே சபை மரபு கொள்கின்றது. பின்னர் எருசலேமிலே சீடரோடு கூடி ஜெபித்தவர்களிடையே தாயும் சகோதரரும் இருந்தனர். சிலுவையிலே தொங்கிய வேளையிலும் தாயை அன்பான சீடனிடம் ஒப்படைத்தார். உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் நேரத்தில், அம்மா இனி எங்கே இருப்பார் என்று யோசிக்கும் மகனைக் காண்கின்றோம்.

சமயத்தைக் காரணங்காட்டிப் பெற்றோரைக் கைவிடுவோரிடத்தில் அவர் கடுமையாகவே பேசினார். அக்காலத்திலே "கொர்பான்" என்றொரு வழக்கம் இருந்தது. பொருளைக் கடவுளுக்குக் காணிக்கையென்று நேர்ந்துவிட்டால், பெற்றோருக்கு அதனால் உதவவேண்டிய கடமை தீர்ந்துவிடும் என்று சிலர் வாதித்தனர். மனிதர் கட்டிய சம்பிரதாயத்தால் கடவுளுடைய கற்பனையை அவமாக்குகிறீர்கள் என்னும் கருத்துப்பட இயேசு அவர்களைக் கண்டித்தார். திருவிழாவுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, பெற்றவளுக்கு மருந்து வாங்கக் கணக்குப் பார்ப்போர் எச்சமயத்திலும் உளர்.

எங்கள் ஊர்களிலே இன்று வேறொரு நிலைமை உண்டாகியிருக்கின்றது. மகன் கனடாவிலும் மகள் இங்கிலாந்திலும் இருக்க, தாய் தனியே மேல்மாடி வீட்டைக் காவல் காக்கின்றாள். மாதந்தோறும் பணம் தவறாமல் வருகின்றது. எங்கள் அயலிலே ஒரு மூதாட்டியார், மகனுடன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் என்ன கறி சமைத்தாய் என்றே கேட்பார். அவன் அவசரத்தில் இருப்பான்; பணம் கிடைத்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அவனைப் பழிப்பது எளிது. ஆனால் அவன் இரண்டிடத்து வேலையை முடித்துக்கொண்டு, நள்ளிரவிலே பேருந்துக்குக் காத்து நின்றபடி பேசுகிறான் என்பது எனக்குத் தெரியும். அம்மூதாட்டியாருக்கும் தெரியும். அதனாலேயே அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பவுல் அப்போஸ்தலர் கணவன்மாருக்கும் தகப்பன்மாருக்கும் எழுதியதைப் பெண்களும் பிள்ளைகளும் அன்று வியப்போடு கேட்டிருப்பர். பிள்ளையை உயிரோடு வைக்கவும் கொல்லவும் தகப்பனுக்கு அதிகாரமுண்டு என்பது ரோமரின் சட்டம். அப்படிப்பட்ட உலகத்திலே, பிள்ளைகள் மனந்தளர்ந்து போகாதபடி அவர்களைக் கோபமூட்டாதீர்கள் என்றும், மனைவியரிடத்தில் கசந்துகொள்ளாதீர்கள் என்றும் அவர் எழுதினார். ஆகவே, குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பொறுத்துக்கொண்டிருப்பதே கிறிஸ்தவ இரக்கம் என்று பெண்களுக்குப் புத்தி சொல்வோரை என்னால் ஏற்க முடிவதில்லை. அதிகாரம் உடையவனை நோக்கி எழுதிய வார்த்தைகளை அதிகாரம் இல்லாதவள் தலையிலே சுமத்துவது நியாயமன்று. யோசேப்பும் சோதித்தறிந்த பின்னரே தன்னை வெளிப்படுத்தினான் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

என் மகனுடைய செய்தியைத் தொடங்கிவிட்டு நடுவிலே விட்டுவிட்டேன். அவன் வேறொரு தொழிற்கல்வி பயின்று, கடல் கடந்து போய் இப்பொழுது பல ஆண்டுகள் ஆகின்றன. விமானமேறுவதற்கு முதல்நாள் இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் அப்பா என்றான். நானும் நம்பிவிட்டேன். ஆனால் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்போது, சம்பளம் உயர்ந்த செய்தியை என்னிடம் சொல்வான். காய்ச்சல் வந்த செய்தியைத் தாயிடமே சொல்வான். நல்ல செய்தி இல்லாத வாரங்களில், அம்மாவிடம் கொடுங்கள் என்பான். இதை நான் கண்டுகொள்ளவே சில ஆண்டுகள் சென்றன. அதன்பின் யோசேப்பின் சகோதரரைப் பற்றி வகுப்பிலே பேசும்போதெல்லாம் எனக்குச் சற்றுத் தடுமாற்றம் உண்டாகும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையிலே அழைத்தான். வேலை போய்விட்டது அப்பா என்றான். அம்மாவிடம் கொடுக்கும்படி கேட்கவில்லை. நான் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.