விண்ணிலிருந்து காணும் நாவிதன்வெளி: படக்கோப்பு வடிவங்களும் திறந்தமூல மென்பொருளும்

கல்முனையிலிருந்து நாவிதன்வெளி செல்வோர் கிட்டங்கி வாவியைக் கடந்தே செல்லல் வேண்டும். வடகீழ்ப் பருவமழை மிகும் ஆண்டுகளில் அவ்வழி நீரில் அமிழ்வதும், வயலும் வாவியும் வேற்றுமையின்றி ஒரே வெள்ளக்காடாய்த் தோன்றுவதும் இப்பகுதியார் அறிந்தனவே. அந்நாளில் எவ்வளவு நிலம் நீரின்கீழ்க் கிடக்கின்றது என்பதைத் தரையில் நின்று அளத்தல் அரிது. விண்ணிலிருந்து அளத்தல் எளிது. ஆயின், அங்ஙனம் எடுக்கப்பெற்ற படம் நம் கைக்கு எட்டிய பின்னரும் அதனை நம் கணினி திறவாதாயின் யாது பயன்?

படம் என நாம் வழங்குவது கணினிக்கு எண்களின் நிரையே. எத்தனை எண்கள், எவ்வொழுங்கில் அமைந்தன, எம்முறையாற் சுருக்கப்பெற்றன என வகுக்கும் விதியே கோப்பு வடிவம் எனப்படும். விதியறிந்த மென்பொருளுக்கு அது படம். அறியாததற்கு வெறும் எண்குவை.

வெள்ளக் காலத்தில் நமக்குப் பெரிதும் உதவுவது, 2014 ஏப்ரலில் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-1 ஆகும். அதன் ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். அமைதியான நீர்ப்பரப்பு அவ்வலையைக் கண்ணாடிபோல் அப்பால் எறிந்துவிடுதலால் வெள்ளம் கரிய திட்டாய்த் தோன்றும். 2015 இல் ஏவப்பெற்ற சென்டினல்-2 ஒளியின் 13 பட்டைகளிற் படமெடுப்பது. அவற்றுட் சில 10 மீற்றர் நுணுக்கமுடையன. எனினும் முகில் மூடின் அதற்குக் கண்ணில்லை. முன்னதன் படங்கள் டிஃப் வடிவிலும், பின்னதன் படங்கள் ஜேபெக் 2000 வடிவிலும் இலவசமாய்க் கிடைக்கின்றன.

இவற்றைச் சாதாரணப் படங்காட்டியில் திறக்கும் மாணவர் பெரும்பாலும் ஏமாற்றமடைவர். கைப்பேசிப் படம் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளே கொண்டது. விண்படக் கோப்போ 65,536 படிகளுக்கு இடமளிப்பது. நிலத்தின் ஒளி அவற்றுள் கீழ்ப்படிகளிலேயே அடங்கிவிடுதலால் திரை முழுதும் கறுத்துக் காணப்படும். கோப்பு பழுதுற்றது என்று கருதி அழித்துவிடுவோரும் உளர்! அதனைச் சாதாரண ஜேபெக்காக மாற்றிவைத்தலோ அதனினும் கேடு. 8க்கு 8 என்னும் கட்டங்களாய்ப் பகுத்துச் சுருக்கும் அம்முறை வாவியின் கரையைக் கலைத்துவிடும். படம் பூமியில் எவ்விடத்தது என்னும் குறிப்பும் பெரும்பாலும் உதிர்ந்துபோம்.

இவ்விடர்ப்பாட்டுக்குத் துணையாவது கியூஜிஐஎஸ் என்னும் திறந்தமூல மென்பொருள். 2002 இல் தொடங்கிய இது, அடங்கிக் கிடக்கும் படிகளை விரித்துக் காட்டவல்லது. உண்மையில் படக்கோப்புகளைப் படிப்பது இதன் வேலையன்று. 1998 இல் தோன்றிய ஜிடால் என்னும் நிரற்றொகுதியே உள்ளிருந்து நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களைப் படித்துத் தருகின்றது. ஜேபெக் 2000 வடிவுக்கு ஓப்பன்ஜேபெக் என்னும் மற்றொரு திறந்தமூலத் தொகுதி அதற்குக் கைகொடுக்கின்றது. ஆயின் ஈசிடபிள்யூ, மிஸ்டர்சிட் போன்ற வடிவங்களின் திறவுகோல் அவற்றை உடைய நிறுவனங்களின் கையில் உள்ளது. அவர்தம் தொகுதியை வேறாகச் சேர்த்தாலன்றி அவ்வடிவப் படங்கள் திறவா. இதனை மென்பொருளாக்கியோரின் குறையெனல் பொருந்தாது. ஜிஃப் வடிவின் சுருக்குமுறைக்கு யுனிசிஸ் நிறுவனம் 1994 இன் இறுதியில் உரிமைக் கட்டணம் கோரியபோது, 1996 இல் பிஎன்ஜி என்னும் திறந்த வடிவம் வகுக்கப்பெற்றதும் இத்தகைய இடையூற்றினாலேயே. அக்காப்புரிமை அமெரிக்காவில் 2003 இல்தான் காலாவதியாயிற்று.

ஆகவே, நிலப்படமோ விண்படமோ பெறும் கல்லூரியும் அலுவலகமும் அதனை ஜியோடிஃப் வடிவிற் கேட்டுப் பெறுதல் தக்கது. அவ்வடிவம் இடக்குறிப்பையும் தன்னுள்ளே கொண்டது. அதன் விதியும் யாவர்க்கும் வெளிப்படை. மூலக்கோப்பைத் தொடாது வைத்துப் படியெடுத்தே வேலை செய்க. 1972 இல் தொடங்கிய அமெரிக்க லான்ட்சாட் வரிசையின் படங்கள் 2008 முதல் இலவசமாயின, அவையும் இவ்வடிவினவே. 2004 ஆழிப்பேரலைக்கு முந்திய கல்முனைக் கரையையும் இன்றைய கரையையும் நாவிதன்வெளி மாணவர் ஒருவர் ஒரே திரையில் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.