ஏஜென்ட் படிக்கும் ரீட் மீ பைல்

எந்த புரோகிராமை டவுன்லோட் செய்தாலும், அதனுடன் 'ரீட் மீ' என்ற பெயரில் ஒரு சிறிய டெக்ஸ்ட் பைல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நம்மில் பெரும்பாலானோர் அதனைத் திறப்பதே இல்லை. ஆனால் அதனை ஒரு வரி விடாமல் படிக்கும் ஒருவர் இப்போது வந்திருக்கிறார். மனிதர் அல்ல, ஏ.ஐ. ஏஜென்ட்.

ஏஜென்ட் என்பது, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவதோடு நின்றுவிடாமல், தேவையான டேட்டாவைத் தானே தேடி எடுத்து வரும் புரோகிராம். தேடுவதற்கு அதற்குச் சிறு சிறு டூல்கள் வேண்டும். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், அதனிடம் எதைக் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை எழுதித் தரப்பட வேண்டும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது முறையிலும் இதுதான் வழக்கம். டூலுக்குள் இருக்கும் புரோகிராம் வரிகளை ஏஜென்ட் பார்ப்பதில்லை. விளக்கத்தைப் படித்தே முடிவு செய்கிறது.

அப்படி ஒரு டூலுக்கு நான் விளக்கம் எழுதி வருகிறேன். கணிப்புச் சந்தைகளில் உள்ள விலையைத் தேடித் தரும் டூல் அது. "இந்தத் தேர்தலில் இன்னார் ஜெயிப்பாரா?" என்பது போன்ற கேள்விக்கு இந்தச் சந்தைகளில் 'ஆம்', 'இல்லை' என இரு வகைச் சீட்டுகள் விற்கப்படும். சீட்டில் உள்ளபடி நடந்தால் ஒரு டாலர், இல்லையெனில் ஒன்றுமில்லை. 'ஆம்' சீட்டு 62 சென்டுக்கு விற்றால், அது நடக்க ஏறத்தாழ 62 சதவீத வாய்ப்பு உண்டு எனச் சந்தையில் உள்ளவர்கள் நினைப்பதாகக் கொள்ளலாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988ல் இதனை ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது. இன்று பாலிமார்க்கெட், கல்ஷி போன்ற தளங்கள் பெரிய அளவில் நடத்துகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2025 ஆகஸ்ட் 22ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நம் நாட்டில் நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. அதற்கு முன்பே, 2025 ஏப்ரலில், இது போன்ற 'ஒபினியன் டிரேடிங்' தளங்களைப் பற்றி செபி எச்சரித்திருந்தது. எனவே என் டூல் விலையைப் படிப்பதோடு சரி. வாங்க, விற்க அதில் வழியே இல்லை என்று விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

இனி விஷயத்திற்கு வருவோம். எங்கள் ஊர் ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை உள்ள ஊர். சுற்றிலும் பட்டாசுத் தொழில். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், "அண்ணே, வெள்ளிக்கிழமை மழை உண்டான்னு உங்க கம்ப்யூட்டர்ல கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றான். பட்டாசை வெயிலில் காய வைக்க வேண்டும். மழை வந்தால் வேலை நிற்கும்; வேலை நின்றால் கூலியும் நிற்கும்.

ஒரே ஒரு வரி விளக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, 'சந்தை விலையைத் தேடும் டூல்' என்று மட்டும் வைத்து ஏஜென்ட்டிடம் இதையே கேட்டேன். மழை என்ற சொல்லைக் கொண்டு தேடி, நியூயார்க் நகர மழை பற்றிய ஒரு சந்தையைப் பிடித்துவிட்டது. "வாய்ப்பு குறைவு" என்று பதில் வந்தது, ஊர் பெயரே இல்லாமல். படிப்பவர் ஆனைக்குட்டத்திற்குத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வார். அவனிடம் இதைச் சொல்லவில்லை. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்த்துச் சொன்னேன்.

பின்னர் விளக்கத்தில் இவற்றைச் சேர்த்தேன். கேட்ட ஊருக்கோ நாளுக்கோ சந்தை இல்லையெனில், 'இல்லை' என்றே சொல்ல வேண்டும்; பக்கத்தில் உள்ளதை எடுத்து ஒப்பேற்றக் கூடாது. மழை, வெயில் பற்றிய கேள்விக்கு இந்த டூலே வேண்டாம். எந்தக் கேள்விக்கு இது உதவாது என்று எழுதுவதுதான், என் கருத்தில், விளக்கத்தில் மிக முக்கியமான பகுதி. அதே கேள்வியை மீண்டும் கேட்டபோது, "ஆனைக்குட்டத்திற்குச் சந்தை எதுவும் இல்லை" என்று ஏஜென்ட் ஒதுங்கிக்கொண்டது.

எண்களிலும் பொடி வைத்தது போல் சிக்கல்கள் உண்டு. 0.62 என்பது ஒரு டாலரில் 62 சென்ட், 0.62 சதவீதம் அல்ல. பாலிமார்க்கெட் தரும் டேட்டாவில் விடைகள் ஒரு பட்டியலாகவும், விலைகள் தனிப் பட்டியலாகவும் வரும். வரிசைப்படி பொருத்தாவிட்டால் 'ஆம்' விலை 'இல்லை' பக்கம் போய்விடும். முடியும் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் கடிகாரத்திற்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். வியாபாரம் குறைவான சந்தையில் ஒருவர் வாங்கினாலே விலை துள்ளும். ஆகவே வியாபார அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் டூல் எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த முறை ஏ.ஐ. ஒரு சதவீதத்தைச் சொன்னால், "இது எந்த ஊருக்கு, எந்தக் கேள்விக்கு, எத்தனை மணிக்கு எடுத்தது?" என்று தமிழிலேயே டைப் செய்து கேட்டுப் பாருங்கள்.